நாள் முழுவதும்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் இருபத்தெட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதை வைத்து வந்த பெயர் இல்லை. வயது ஐம்பத்தொன்று ஆகிவிட்டது. எடை குறைவாகப் பிறந்து வீட்டுக்குப் போன குழந்தைகளின் தாய்மாருக்கு, சரியாக இருபத்தெட்டாவது நாள் போன் போட்டு விசாரிப்பது அவள் வேலை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. தாய்மார்கள் சிலர் போனில் அவள் எண்ணையே அந்தப் பெயரில்தான் சேமித்து வைத்திருந்தார்கள் என்று கேள்வி.

நான்கு நாடுகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. மூன்று நாடுகளில் தலா ஓர் ஆஸ்பத்திரி. மூன்றிலும் குழந்தைகளைச் சூடாக வைத்துக்கொள்ளும் கண்ணாடிப் பெட்டிகள் போதாது. நான்காவது, வசதியான ஒரு நாட்டின் பல்கலைக்கழகம். அங்கிருந்து புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி இல்லாவிட்டால் போகட்டும், தாயின் நெஞ்சே பெட்டியாக இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. குழந்தையை வெற்றுடம்போடு தாயின் மார்பில் சேர்த்துத் துணியால் கட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும், எடை ஏறும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். எப்படிக் கட்டுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவது என்றெல்லாம் ஒரே தாளில் அச்சடித்து, போகும்போது கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

இருபத்தெட்டு அக்கா பதினெட்டு வருஷம் அங்கே குழந்தைகள் வார்டிலேயே நர்ஸாக இருந்தவள். ஒருநாள் குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நழுவியது, நிமிர முடியவில்லை. ஆறு மாதம் படுத்துக் கிடந்து எழுந்தபோது, இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குனியாமல் குழந்தைகள் வார்டில் என்ன வேலை செய்ய முடியும்? அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி தொடங்கியது. மூட்டை மூட்டையாகப் பழைய எக்ஸ்ரே படங்கள் அடைந்து கிடந்த ஓர் அறையைக் காலி செய்து, ஒரு மேஜையும் டெலிபோனும் போட்டு, அவளை உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பதுகூட, உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். உள்ளே வருகிறவர்களும் அதிகமில்லை.

பன்னிரண்டு கேள்விகள். எழுதியிருக்கும் வரிசையில், எழுதியிருக்கும் வார்த்தையிலேயே கேட்க வேண்டும். ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால், 'தொடர்பில் இல்லை' என்று எழுதி விட்டுவிட வேண்டும். சொந்தக் கதை பேசக் கூடாது. கட்டம் ஏதாவது காலியாக இருந்தால், பல்கலைக்கழகத்திலிருந்து புள்ளிவிவரக்காரர் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்புவார். வேறு எதுவும் எழுத மாட்டார். அவருக்கு ஆஸ்பத்திரியில் 'ஏன் சார்' என்று பெயர்.

அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குள் போய் வருவது போல. தாய் பேசப் பேச, பின்னால் பாத்திரம் உருளும், கதவு கிறீச்சிடும், யாரோ யாரையோ அதட்டுவார்கள், நடுவே குழந்தை சிணுங்கும். ஏழு நிமிஷத்தில் கேள்விகள் முடிந்துவிடும்; போனை வைத்ததும் அறை பழையபடி ஆகிவிடும். மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் இரண்டே அறை. கல்யாணப் பேச்சு அவள் வாழ்க்கையில் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் வாசலோடு திரும்பிப் போயிருந்தது. தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான்; ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். ஆக, வாரம் முழுக்க ஐம்பது அறுபது பேரோடு பேசினாலும், அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பவன் ஒருவன்தான்.

ஒரு வீட்டில் ஐந்து தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆறாவது தடவை ஓர் ஆண் குரல் எடுத்தது. குழந்தையின் அப்பா என்றார். அம்மா தூங்குகிறாள், தானே சொல்வதாகச் சொன்னார். பெயர் வைத்தாயிற்றா என்றதற்கு இன்னும் இல்லை என்றார். பால் குடிக்கிறதா? நன்றாகக் குடிக்கிறது. எத்தனை தடவை? எட்டுத் தடவை. காய்ச்சல், சளி, மூச்சு வாங்குவது? ஒன்றுமில்லை. தண்ணீர் ஓடுவது போல மளமளவென்று பதில் வந்தது. அவளுக்கு ஒரு கணம் நெருடியது. எத்தனை தடவை பால் குடிக்கிறது என்று எந்த அப்பாவும் இதுவரை யோசிக்காமல் சொன்னதில்லை. 'இருங்க, கேட்டுச் சொல்றேன்' என்றுதான் உள்ளே போவார்கள். பின்னால் சத்தமே இல்லை. ஆனால் அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடுகள் பாக்கி இருந்தன. 'நலம்' என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டாள்.

நான்கு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு அந்த அறையில் டெலிபோன் அடித்தது. அங்கிருந்து போன் போகுமே தவிர, வருவது அபூர்வம். எடுத்தாள். இளம் குரல்.

"இருபத்தெட்டாவது நாள் பேசுவாங்களே, அந்த அக்காங்களா?"

ஆமாம் என்றாள். அந்தப் பெண் தன் கணவரின் எண்ணைச் சொல்லி, அதில் பேசியது நீங்கள்தானா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றாள்.

"குழந்தை இல்லக்கா. பத்தொம்பதாம் நாளே போயிடுச்சு."

இருபத்தெட்டு அக்காவின் கை பேனாவைத் தேடியது. பேனா கையிலேயே இருந்தது.

அந்தப் பெண் அழவில்லை. அவரைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றுதான் முதலில் சொன்னாள். அன்றைக்கு அவள் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். தூங்கவில்லை. அவள் காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எட்டுத் தடவை பால் குடிக்குதுன்னு அவர் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நல்லா குடிக்குதுன்னாரு. ஒரு நிமிஷம் எனக்கே அது உள்ள தூங்கிட்டு இருக்கற மாதிரி இருந்துச்சுக்கா. அந்தக் கேள்வியெல்லாம் என்கிட்ட கேளுங்க."

இறந்த குழந்தைக்கு மூன்றே கேள்விதான்: எப்போது, எங்கே, எதனால். அதற்குத் தனித் தாள் உண்டு. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று கேள்வி போதும் என்பதை இருபத்தெட்டு அக்கா பக்குவமாகச் சொல்லப் பார்த்தாள்.

"இல்லக்கா, எல்லாத்தையும் கேளுங்க. வீட்டுல யாரும் அதப்பத்திப் பேசறதே இல்ல. தொட்டில் இருந்த எடத்துல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுட்டாங்க. எனக்கு அந்தப் பத்தொம்பது நாளும் நல்லா ஞாபகம் இருக்கு. ஒருத்தராவது கேக்க வேண்டாமா?"

இருபத்தெட்டு அக்கா அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பழைய பன்னிரண்டு கேள்வித் தாளை இழுத்துக்கொண்டாள். பெயர் வைத்தாச்சா என்றாள். வைத்திருந்தார்கள். அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். பால் எத்தனை தடவை என்றதற்கு, முதல் வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் இவ்வளவு என்று பிரித்துச் சொன்னாள். தும்மினால் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் தும்முமாம். அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. ஆனாலும் இருபத்தெட்டு அக்கா ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

ஏழாவது கேள்வி: துணியில் கட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்களா?

"வெச்சுக்கிட்டேனே. காகிதத்துல போட்டிருந்த மாதிரியே, நாள் முழுக்க. காலையில மூஞ்சி கழுவின கையோட கட்டிடுவேன். சாப்பிடும்போதுகூட அவிழ்க்க மாட்டேன். இருட்டினதும்தான் இறக்குவேன்."

"ராத்திரி?"

அந்த வார்த்தை தாளில் இல்லை. தானாக வாயில் வந்துவிட்டது.

"ராத்திரி தனியாத்தான் படுக்க வெப்பேன். ரெண்டு போர்வை போத்துவேன். இருந்தாலும் விடியக்காலம் தொட்டா கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கும். எடுத்துக் கட்டினா கொஞ்ச நேரத்துல சூடாயிடும். ஏன்க்கா?"

"ஒண்ணுமில்லம்மா. எழுதிக்கிறேன்."

மிச்சக் கேள்விகளை எப்படிக் கேட்டு முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் அந்தப் பெண், "இப்ப கொஞ்சம் பரவால்ல" என்றாள். போனை வைத்த பிறகு இருபத்தெட்டு அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, தாய்மார்களுக்குக் கொடுத்தனுப்பும் அச்சுத் தாளை எடுத்தாள். எடுக்காமலே அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரி: குழந்தையை நாள் முழுவதும் நெஞ்சோடு கட்டி வைத்திருக்கவும்.

அந்த வரியை எழுதியது அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டு மொழியில் இருந்த தாளை யாரோ படித்தவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் தந்தார்கள். அதில் 'இடைவிடாமல்' என்று இருந்தது. இதென்ன மேடைப் பேச்சு மாதிரி, வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று, தன் பேனாவாலேயே அதை அடித்துவிட்டு 'நாள் முழுவதும்' என்று எழுதினாள். சரியாக இருக்கிறதே என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்கும் பெருமையாக இருந்தது. நாள் முழுவதும் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் என்றுதான் அவள் எழுதினாள். 'நாள் முழுக்க உழைச்சேன்' என்று சொல்கிற எவரும் ராத்திரியையும் சேர்த்துச் சொல்வதில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரியும் நர்ஸுகள் கட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் தாளில் உள்ளதுதான் வேதம்.

தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்து வார்டுக்குப் போனாள். தலைமை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். சொன்னாள். டாக்டரம்மா குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு குழந்தை எதனால போச்சுன்னு ஒரு வரியை வெச்சு நாம சொல்ல முடியாது. கிருமி தாக்கியிருக்கலாம். பால் புரையேறியிருக்கலாம். அது ஒண்ணேகால் கிலோ குழந்தை" என்றார். பிறகு குழாயை மூடினார். "ஆனா இது மத்தவங்களுக்கும் அப்படித்தான் புரிஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கணும். வியாழக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லுங்க."

வியாழக்கிழமை மத்தியானம் நான்கு நாட்டுக்காரர்களும் திரையில் சேருவார்கள். இருபத்தெட்டு அக்கா அதுவரை ஓரத்தில் உட்கார்ந்து கேட்பதோடு சரி. அன்றைக்கு நடுவே உட்கார வைத்தார்கள். அவள் தன் மொழியில் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா மொழிபெயர்த்துச் சொன்னார். வரி தவறு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் அவள், திருத்தி எழுதியது நான்தான் என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா ஒரு கணம் தயங்கி, அதையும் மொழிபெயர்த்தார். திரையில் நான்கு கட்டங்களிலும் யாரும் அசையவில்லை. இணைப்புதான் நின்றுவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஏன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு நாட்டில் இதே வேலை பார்க்கும் பெண், தலை நரைத்தவள், ஏதோ சொன்னாள். எங்கள் தாளையும் இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன் என்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னார்.

பதிமூன்றாவதாக ஒரு கேள்வி சேர்த்தார்கள்: ராத்திரியும் கட்டி வைத்திருந்தீர்களா? ஏற்கெனவே பேசிய வீடுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கி, திரும்பப் போன் போட்டு அதை மட்டும் கேட்க வேண்டும். ஐந்து வாரம் ஆயிற்று. சிலர் இப்போது எதற்கு என்று சலித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை போனைப் பிடுங்கி மழலையில் ஏதோ சொன்னது. இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் அறுபதுக்கு மேல், பகலில் மட்டும்தான் என்றார்கள். அந்த நரைத்த பெண்ணின் நாட்டுத் தாளில் வேறு மாதிரி ஓட்டை. உட்கார்ந்திருக்கும்போது கட்டிக்கொள்ளவும் என்று படித்துக்கொண்டு, நடமாடும்போது அவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் தாளை மாற்றினார்கள். இந்த ஊர்த் தாளில், 'பகலிலும் ராத்திரியிலும், நீங்கள் தூங்கும்போதும்' என்று வந்தது. இந்தத் தடவை எழுதியதைப் பத்துத் தாய்மார்களிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொன்ன பிறகுதான் அச்சுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு போன் செய்த வீடுகளில், ராத்திரி இறக்கிப் படுக்க வைப்பதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர்.

எல்லோரும் நல்ல காரியம் நடந்தது என்றார்கள். ஏன் சார் கைப்பட ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்பினார். அதை இருபத்தெட்டு அக்கா படித்துவிட்டு இழுப்பறையில் போட்டாள்.

குழந்தையை இழந்த அந்தப் பெண்ணிடம், தாளில் இருந்த தப்பைச் சொல்லவில்லையே என்ற ஒன்று அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் என்னவெல்லாம் நினைத்து மருகிக்கொண்டிருக்கிறாளோ, தன் மேல்தான் குற்றம் என்று உருகிக்கொண்டிருக்கிறாளோ என்று பஸ்ஸிலும் அதே நினைப்பு, உலை வைக்கும்போதும் அதே நினைப்பு. சொல்லிவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார்.

"சொன்னா யாருக்கு நல்லதுன்னு யோசிச்சீங்களா? அவங்களுக்கா, உங்களுக்கா?"

பத்து நாள் தள்ளிப்போட்டாள். பதினோராவது நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணைப் போட்டாள். அந்தப் பெண்ணே எடுத்தாள். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இன்னும் ஏதாவது கேட்கணுமா அக்கா என்றாள்.

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். அந்தக் காகிதத்துல தப்பு இருந்துச்சு. ராத்திரியும் கட்டி வெக்கணும்னு தெளிவா எழுதியிருக்கணும். எழுதல. அத எழுதினது நான்தான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அதுக்காகத்தான் சொல்றேன்."

மறுமுனையில் எங்கேயோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"ராத்திரி இறக்கி வெச்சதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. டாக்டருக்கே தெரியல. வேற ஏதாவதாக்கூட இருக்கலாம்."

"அப்ப எதுக்குக்கா சொன்னீங்க?"

"நீங்க உங்க மேல தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்களோன்னு..."

"நான் அப்படி நெனச்சதே இல்லையே" என்றாள் அந்தப் பெண். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். "விதி அவ்வளவுதான்னு இருந்தேன். இப்பத்தான் நெனைக்கிறேன். சில்லுன்னு இருந்துச்சே, நான் எடுத்து அணைச்சிருக்கலாமேன்னு."

இருபத்தெட்டு அக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடிக்கக் கை போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசியபோது சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம்தான் சொல்லியிருப்பாள், அதற்குள் அவன், இதையெல்லாம் மனசுல போட்டுக்காதக்கா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா என்றான். சாப்பிடுகிறேன் என்றாள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கதையைச் சொன்னான். அதுவும் சந்தோஷமான செய்திதான், சந்தோஷம் என்றாள். வேலை ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்று கேள்வி, பதிமூன்று பதில். முன்பு போல வீட்டுச் சத்தங்களைக் காது கொடுத்துக் கேட்பதை அவள் விட்டுவிட்டாள். கேள்வி முடிந்ததும் வைத்துவிடுவாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. அந்த அப்பா. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முதல்ல ஒண்ணு. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னது தப்பு. அத வெச்சு நீங்க என்னமோ எழுதியிருப்பீங்க."

திருத்திவிட்டோம் என்றாள்.

"நீங்க பேசினதுக்கப்புறம் ஒரு வாரம் அவ எழுந்திரிக்கவே இல்ல. அப்புறம் ஆரம்பிச்சா. திட்டுறா. என்னத் திட்டுறா, எங்கம்மாவத் திட்டுறா, ஆஸ்பத்திரியத் திட்டுறா. உங்களத்தான் ரொம்ப. அதுக்கு முன்னாடியெல்லாம் வாயே திறக்காம சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. இப்ப சண்டை போடுறா, அழறா, சாப்பிடுறா. நீங்க செஞ்சது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியலங்க."

"எனக்கும் தெரியலங்க" என்றாள் இருபத்தெட்டு அக்கா.

"இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க. அவளே பண்ணினாலும் பேசாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

பண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். வச்சிடறேன் என்று சொல்லியும் அவர் உடனே வைக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்க நினைத்தாள். பதிமூன்றில் அது இல்லை. அதற்குள் வைத்துவிட்டார்.

அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுப் படியேறும்போது, கீழ் வீட்டுக்காரம்மாவின் கதவு திறந்திருந்தது. அவளிடமாவது சொல்லலாம் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வா வா, உக்காரு என்றாள் அந்த அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. இருபத்தெட்டு அக்கா உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். எதற்குக் கத்துகிறாள் என்று கேட்டதற்கு, அது பெரிய கதை, ஆரம்பத்திலேர்ந்து பாத்திருக்கணும் என்றாள் அந்த அம்மா. முழுசாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வரேங்க என்று சொல்லி, முதுகைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள்.